கடைசி எழுத்தின் புள்ளி

பொரளையில் எங்கள் கட்டடத்து மாடிப்படி முகப்பில்
மூன்று மொழியில் ஒரு பலகை.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் ‘இரததப பரிசோதனை’.
ஏழு வருடமாய் ஏறும்போதெல்லாம்
விடுபட்டதை மனசுக்குள் வைத்துக்கொண்டு போகிறேன்,
ஒன்று, இரண்டு.

எங்கள் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று
வாசல் காவல் திலகசிறிக்கு ஒருநாள் சொல்லப் பார்த்தேன்.
அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.
ஆனால் தன் மொழியில் மெய்யெழுத்தின் தலையில்
கொடி ஏற்றுவார்கள், அது தெரியும்.
‘சத்தத்தை நிற்பாட்டத்தானே, மிஸ்?’
ஓம். சத்தத்தை நிற்பாட்டத்தான்.

மரபணுவில் எழுத்துப்பிழை தேடுகிறவர்கள் வேறு ஆட்கள்.
எங்களிடம் வருவதில் எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும்.
சைட்டோசின் தலையில் மட்டும்
ஒரு காபன், மூன்று ஐதரசன்,
அவ்வளவுதான் மெத்தில் புள்ளி.
‘பெருகாதே, நில்’ என்று கலத்துக்குச் சொல்லவேண்டிய வரியின்
தொடக்கத்தில் அவை அடர்ந்து விழுந்தால்
வரி அழியாது, வாய் மூடிவிடும்.
உயிர் கழன்று மெய் மிஞ்சுவதை
முதலாம் வகுப்பில் நூறு தரம் எழுதினோம்.
மெய் என்றால் உடம்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

புள்ளி எந்தக் கண்ணாடிக்கும் தெரியாது.
இரத்தத்தில் மிதக்கும் செத்த கலங்களின் கிழிசல்களைப் பொறுக்கி
இரவு முழுக்க பைசல்பைட்டில் விடுவோம்.
புள்ளியில்லாத சைட்டோசின் எல்லாம் வேறெழுத்தாய்ப் போய்விடும்.
போகாமல் நின்றவை சொல்லும், எங்கே புள்ளி இருந்ததென்று.
களனி பெருகி வடிந்த மறுநாள் கொலன்னாவையில்
எந்தச் சுவர் நிற்கிறதென்று பார்ப்பதுபோல.

நோயாளர் மாதிரிகள் மகரகமையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தன.
ஒப்பிடுவதற்குச் சுகதேகிகள் வேண்டும்.
பேராசிரியர் நடைகூடத்தில் நின்று கேட்டார்.
திலகசிறி, வான் ஓட்டும் பாறூக், கூட்டித் துடைக்கும் மெர்சலின்,
கணக்குப் பகுதி ஞானகுலேந்திரன், புதிதாய் வந்த இஷாரா,
மேல்மாடியிலிருந்து மூவர், நான்.
ஒன்பது முழங்கை.
ஆளுக்கொரு மாலு பாண், ஒரு தேத்தண்ணி.
‘எனக்கு என்ன வருத்தம் இருக்கு’ என்று பாறூக் இரண்டாவது பாணையும் எடுத்தார்.
பெயரைக் கழற்றிவிட்டு இலக்கம் ஒட்டினார்கள்.
பட்டியல் பேராசிரியரின் இரும்பு அலுமாரியில்.
அவர் வெள்ளிவரை கண்டியில்.

நேற்றிரவு பத்து மணிக்குத் திரையில் கோடுகள் எழும்பின.
மகரகமை, எழும்பவேண்டிய இடத்தில் எழும்பியது.
சுகதேகிகள் தட்டையாய்க் கிடந்தார்கள்,
காற்றில்லாத நாளின் வெள்ளவத்தைக் கடலாக.
ஆறாம் இலக்கம் தவிர.

மூன்று குழியில் இட்டிருந்தேன்.
இரண்டில் எழும்பியது. ஒன்றில் இல்லை.

பலகையில் ஈ எச்சமும் புள்ளி மாதிரித்தான் இருக்கும்.
பக்கத்துக் குழி தெறித்திருக்கலாம்.
என் கை.
அல்லது உண்மையாகவே ஒரு வாய்
சத்தமில்லாமல் மூடத் தொடங்கியிருக்கலாம்,
இருமல் இல்லாமல், கட்டி இல்லாமல்,
இரண்டாவது பாணுக்குக் கை நீட்டும் பசியோடு.

காலையில் மெர்சலின் வாளியோடு குனிந்திருந்தாள்.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
அவள் முதுகைப் பார்த்தேன், மெலிந்திருக்கிறதா என்று.
இஷாரா கொட்டாவி விட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன்.
லிஃப்ட் கண்ணாடியில் இன்னொருத்தி;
அவளை மட்டும் நேரே பார்க்கவில்லை.

‘நம்முடைய இரத்தம் எல்லாம் எப்படி, மிஸ்?’
திலகசிறி வரவுப் புத்தகத்தைத் தள்ளினார்.
‘ஒன்றைத் திரும்பப் போடவேண்டும்’ என்றேன்.
‘பிழைத்துவிட்டதா?’
‘தெரியாது.’
பேனை கசிந்தது. எழுதினேன், வதனமலர், எட்டு ஐந்து.

பாதிப் படியில் நின்றேன்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தேனா?
இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம்.
பைசல்பைட் போத்தலில் இன்னும் ஒரு தடவைக்கு இருந்தது.